கோராவும் பாலாமாவும் ஒரே மேடையில்: சுதியை யார் மாற்றிக்கொள்வது?

துருக்கி இசையையும் மேற்கு ஆப்பிரிக்க இசையையும் சேர்த்து வாசிக்கும் சிறு குழுக்களைக் கேட்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. இஸ்தான்புல்லுக்கும் மாலியின் தலைநகர் பமாகோவுக்கும் நடுவே மத்தியதரைக் கடலும் சகாராவும் கிடக்கின்றன. மொழி வேறு, வாத்தியம் வேறு, ஆடும் விதம் வேறு. இவற்றைச் சேர்க்க இசைக்குள்ளேயே ஏதாவது அடிப்படை இருக்கிறதா? இல்லை, கேட்க இனிமையாக இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களா?

அடிப்படை இருக்கிறது. விளம்பரங்களில் வரும் "எல்லைகளைக் கடந்த இசை" என்ற பேச்சில் அது கிடைக்காது. சுதியிலும் தாளத்திலும்தான் தேட வேண்டும். அந்த இரண்டிலும் யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்தாலே ஒரு குழு உழைத்துச் சேர்ந்ததா, பேருக்குச் சேர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

## வாத்தியங்களும் வாசிப்பவர்களும்

"மேற்கு ஆப்பிரிக்க இசை" என்பது மிகப் பரந்த பெயர். யொருபா மேளங்களும் அதில் அடங்கும், கானாவின் ஏவே மக்களின் மணித் தாளங்களும் அடங்கும். நரம்பு வாத்தியங்களை மையமாக வைத்த சிறு குழுக்களுக்கு மாண்டே மரபுதான் இயல்பாகப் பொருந்துகிறது. மாலி, செனகல், காம்பியா, கினி, கினி-பிசாவ் நாடுகளில் பரவியிருக்கும் மரபு இது. 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுஞ்சாதாவின் கதையை இன்றுவரை பாடிவருபவர்கள் ஜெலி எனப்படும் பரம்பரைப் பாடகர்கள். வெளியுலகம் அவர்களைக் கிரியோ என்ற பிரெஞ்சுச் சொல்லால் அறிகிறது. கூயாத்தே, ஜபாத்தே, சிசோக்கோ என்ற குடும்பப் பெயர்களைக் கேட்டாலே அங்கே இருப்பவர்களுக்கு இவர் இசைக் குடும்பம் என்று தெரிந்துவிடும்.

அவர்களுடைய புகழ்பெற்ற வாத்தியம் கோரா. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, வாய்ப்பக்கத்தை மாட்டுத்தோலால் இழுத்து மூடி, நீண்ட மரத்தண்டைக் குறுக்கே செருகியிருப்பார்கள். தோலின் மேல் நிமிர்ந்து நிற்கும் பாலத்தின் இரு பக்கமும் 21 நரம்புகள்: இடது பக்கம் 11, வலது பக்கம் 10. முன்பு மான்தோலை முறுக்கி நரம்பு செய்தார்கள். இப்போது மீன்பிடி நைலான். வாசிப்பவர் வாத்தியத்தைத் தன்னைப் பார்த்த மாதிரி வைத்துக்கொண்டு, இரண்டு கைப்பிடிகளைப் பற்றி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் மீட்டுவார். 1799இல் வெளியான மங்கோ பார்க்கின் பயணக் குறிப்பில் 18 நரம்புகள் கொண்ட 'கொர்ரோ' என்ற பெரிய யாழைப் பற்றி ஒரு வரி வருகிறது.

துருக்கிப் பக்கத்தில் பாலாமா. சாஸ் என்றும் சொல்வார்கள். பேரிக்காய் வடிவக் குடம், மெலிந்து நீண்ட கழுத்து, மூன்று தொகுதிகளாக ஏழு கம்பிகள். இதன் மெட்டுகள், அதாவது சுரம் பிடிக்கக் கழுத்தின் குறுக்கே இருக்கும் கட்டுகள், உலோகத்தால் ஆனவை அல்ல. கழுத்தைச் சுற்றிக் கட்டிய நைலான் இழைகள். தளர்த்தி நகர்த்தலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். பாலாமாவோடு நேய் என்ற நாணல் குழல், மூன்று தந்தி கொண்ட கெமென்ச்சே, பெந்திர் என்ற சட்ட மேளம் ஆகியவையும் சேரலாம்.

## இரண்டும் சந்தித்ததே இல்லையா?

உதுமானியப் பேரரசு மேற்கு ஆப்பிரிக்காவை ஆண்டதில்லை. ஆனால் அதன் வட ஆப்பிரிக்க மாகாணங்களான திரிப்போலி, தூனிஸ், அல்ஜியர்ஸ் ஆகியவை சகாராவைக் கடக்கும் வணிகப் பாதைகளின் வடமுனைகள். ஏரி சாட் பகுதியிலிருந்த போர்னு அரசின் மன்னர் இத்ரிஸ் அலோமா 1570களில் இஸ்தான்புல்லுக்குத் தூது அனுப்பினார். அதே பாதைகளில்தான் அடிமை வணிகமும் நடந்தது. தூனிஸில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட போர்னு, ஹௌசா மக்களின் வழியில் உருவானதுதான் ஸ்தம்பேலி என்ற ஆவியேற்றச் சடங்கிசை. துருக்கியின் ஏஜியன் கரையிலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் இருக்கிறார்கள். இஸ்மீரில் அவர்கள் கொண்டாடிவந்த கன்றுத் திருவிழா பல பத்தாண்டுகள் மறைந்து போயிருந்தது. 2006இல் முஸ்தஃபா ஒல்பாக் தன் சமூகத்துக்காக ஒரு சங்கம் தொடங்கிய பிறகுதான் அது மறுபடி உயிர்பெற்றது. இவர்களில் பலருடைய வேர்கள் சூடான் பக்கத்தைச் சேர்ந்தவை. எனவே இதையே இன்றைய கோரா-பாலாமாக் கூட்டின் முன்னோடியாகக் காட்டுவது சரியாகாது. ஆனாலும் துருக்கியின் ஆப்பிரிக்கத் தொடர்பை விழா மேடைகள்தான் தொடங்கிவைத்தன என்று நினைப்பது அந்த மக்களை அழிப்பதற்குச் சமம்.

இரண்டு இடங்களையும் நேரில் பார்த்து எழுதிய ஒருவரும் இருக்கிறார்: மதுரை வரைக்கும் வந்த அதே மொராக்கோப் பயணி இப்னு பதூதா. 1330களில் இன்றைய துருக்கியிலுள்ள அனத்தோலியாவில் அகி சகோதரர் குழுக்கள் விருந்துக்குப் பிறகு பாடி ஆடியதை எழுதினார். 1352–53இல் மாலி அரசவையில் சிறு சுரைக்குடுக்கைகள் அடியில் தொங்கும் வாத்தியத்தை வாசித்துப் பாடியதையும், இறகு உடை அணிந்த பாவலர்கள் அரசன் முன் நின்றதையும் எழுதினார். அந்த வாத்தியம், மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் இன்றைய பாலஃபோனின் மூதாதை.

சுற்றிவளைத்து வந்த இன்னொரு உறவு எனக்கு மிகவும் பிடித்தது. 1930ஐ ஒட்டி இஸ்தான்புல்லில் ஸெய்னல் ஆபிதின் என்பவர் ஜும்புஷ் என்ற வாத்தியத்தை உருவாக்கினார். அலுமினியக் கிண்ணம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், ஊத் என்ற தந்தி வாத்தியத்துக்கு இருப்பது போன்ற மெட்டில்லாக் கழுத்து. பார்த்தால் பாஞ்சோவின் தம்பி மாதிரி இருக்கும். பாஞ்சோ எங்கிருந்து வந்தது? அமெரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள், ங்கோனி, அகொந்திங் போன்ற தங்கள் தோல் முகப்பு வாத்தியங்களின் நினைவில் செய்தது. ஆக, குடுவையில் தோல் போர்த்திய அந்த மேற்கு ஆப்பிரிக்க அமைப்பு அட்லாண்டிக்கைக் கடந்து, நூற்றாண்டுகள் கழித்து, இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் கரையில் துருக்கிய வாத்தியமாகப் பிறந்திருக்கிறது.

## சுதி: உண்மையான சிக்கல்

துருக்கிய மகாம் நம் ராகத்துக்கு நெருங்கிய கருத்து. வெறும் ஆரோகணம் அவரோகணம் போதாது. எந்தச் சுரத்தில் தொடங்குவது, எதில் தங்குவது, எதில் முடிப்பது என்ற நடையும் சேர்ந்தால்தான் மகாம். தாளமில்லாமல் அதை விரித்து வாசிப்பதற்குத் தக்ஸிம் என்று பெயர். நம் ஆலாபனையைப் போன்றது.

சுரங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்க இசையியலில் சென்ட் என்ற அலகு உண்டு. ஒரு ஸ்தாயி 1200 சென்ட். பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையே 100. துருக்கியக் கோட்பாடு வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஸ்தாயியை 53 கொம்மாக்களாகப் பிரித்து, ஒரு முழுச் சுரத் தூரத்துக்கு 9 கொம்மா கொடுக்கிறது. ஒரு கொம்மா சுமார் 22.6 சென்ட். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் சுரங்கள் இதனால்தான் பிறக்கின்றன. உஷ்ஷாக் மகாமின் இரண்டாவது சுரத்தை நல்ல பாடகர்கள் ஏறத்தாழ 150 சென்ட் உயரத்தில் நிறுத்துவார்கள். அதை 100க்கோ 200க்கோ தள்ளிவிட்டால் உஷ்ஷாக் போய்விடும்.

மாண்டே பக்கம் என்ன நிலைமை? பியானோச் சுதிக்கு அதுவும் கட்டுப்பட்டதில்லை. மரபான பாலஃபோனில் ஸ்தாயியை ஏறத்தாழ ஏழு சமப் பங்காக்குகிறார்கள். 1200ஐ ஏழால் வகுத்தால் 171. முழுச் சுரமும் இல்லை, அரைச் சுரமும் இல்லை. கோராவுக்கும் பெயருள்ள பல சுதி அமைப்புகள் உண்டு: சிலாபா, சௌதா, ஹர்தினோ, தொமோரா. சிலாபா மேற்கத்திய மேஜர் அளவுக்கு அருகில் வரும். ஆனால் மூன்றாவது, ஏழாவது சுரங்கள் சற்றே தாழ்ந்திருக்கும். சௌதாவில் நான்காவது சுரம் உயரும்.

இங்கேதான் ஒரு இனிய பொருத்தம். துருக்கி இசையின் அடிப்படை மகாமாகக் கருதப்படும் ராஸ்திலும் மூன்றாவது, ஏழாவது சுரங்கள்தான் சற்றே தாழ்ந்தவை. தாழ்வின் அளவு அச்சாக ஒன்றல்ல. ஆனால் காது ஏற்கும் தூரத்தில் இருக்கிறது. சிலாபாவில் சுதி சேர்த்த கோராவும் ராஸ்த் வாசிக்கும் நேயும் சேர்ந்தால் யாரும் பெரிதாக வளைய வேண்டியதில்லை. இரு மரபையும் இணைக்க நினைக்கும் குழு முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

ராஸ்தைத் தாண்டினால் சிக்கல் ஆரம்பம். கோராவில் மெட்டு கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். ஏழு சுரம் மூன்று ஸ்தாயியில் பரவியிருப்பதால் ஒரு சுரத்தை மாற்றப் பெரும்பாலும் மூன்று நரம்பைத் திருக வேண்டும். இரண்டு சுரம் என்றால் ஏறத்தாழ ஆறு. பழைய கோராவில் நரம்பைத் தண்டில் இறுக்கிப் பிடிப்பவை பின்னிய தோல் வளையங்கள். அவற்றைக் கையால் அழுத்தி நகர்த்திச் சுதி சேர்ப்பது மெதுவான வேலை. இப்போது கிட்டாரில் வரும் திருகாணிகளைப் பொருத்துகிறார்கள். பாட்டுக்குப் பாட்டு சுதி மாற்றுவது சாத்தியமாகியிருக்கிறது. ஆனால் பாட்டின் நடுவே மகாம் விட்டு மகாம் தாவுவது துருக்கி இசையின் உயிர்நாடி. கானூன் என்ற தட்டு யாழில் அதற்காகவே ஒவ்வொரு சுரத்துக்கும் சின்னச் சின்ன நெம்புகோல்கள் இருக்கின்றன. கோரா அந்த வேகத்துக்கு வராது.

குழுக்களுக்கு இருக்கும் வழிகள் இவை:

1. இருவருமே பியானோச் சுதிக்கு வந்துவிடுவது. எளிது. கிட்டார், கீபோர்டு எதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உஷ்ஷாக்கும் போய்விடும், பழைய சிலாபாவும் போய்விடும். எஞ்சுவது இரண்டு ஊர் வாத்தியங்களின் குரல் மட்டும்.

2. ஒரு பாட்டு முழுக்க ஒரே மகாமுக்குக் கோராவைச் சுதி சேர்ப்பது. துருக்கிக் கலைஞர் தாவலை விட்டுக்கொடுக்கிறார். கோராக் கலைஞர் தன் விரல்களுக்குப் பழகாத அளவை ஏற்கிறார். எடுத்துக்காட்டு: ஹிஜாஸ் மகாமில் இரண்டாவது சுரத்துக்கும் மூன்றாவது சுரத்துக்கும் நடுவே அகன்ற இடைவெளி வரும். அதற்குக் கோராவில் குறைந்தது இரண்டாவது சுரத்தின் மூன்று நரம்பையும் இறக்க வேண்டும். கையில் ஊறிய வேக ஓட்டங்கள் எல்லாம் அப்போது வேறு நிறத்தில் ஒலிக்கும்.

3. தகராறு வரும் சுரத்தைக் கோரா வாசிக்காமலே விடுவது. முதல், நான்காம், ஐந்தாம் சுரங்களில் கோரா தளம் போடும். நடுவில் விடுபட்ட சுரத்தைப் பாலாமாவோ நேயோ தன் இடத்தில் துல்லியமாகப் பிடிக்கும். மூன்றில் இதற்குத்தான் அதிகக் கேள்வி ஞானம் தேவை. எதை வாசிக்கக் கூடாது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாலாமாக்காரருக்கு இன்னொரு வசதியும் உண்டு. மெட்டு இழையைத் தளர்த்தி ஒரு கொம்மா மேலோ கீழோ நகர்த்தி, கோராவின் மூன்றாவது சுரத்துக்கு ஒட்டி வைக்கலாம். பெரும்பாலும் "ஆப்பிரிக்க வாத்தியம் துருக்கிச் சுதிக்கு வரட்டும்" என்றே நினைத்துவிடுகிறார்கள். எதிர்த்திசையில் நகர்வது எவ்வளவு சுலபம் என்று பார்த்தால், அப்படி நகராத குழுவைக் கேள்வி கேட்கத்தான் தோன்றுகிறது.

கிட்டத்தட்ட இதே நிலைமையில் வேலை செய்து காட்டியவர்கள் மான்ட்ரியாலின் கான்ஸ்டான்டினோபிள் குழுவினர். குழுவின் பெயர் துருக்கி நகரத்தினுடையது என்றாலும் தலைவர் கியா தபாசியான் ஈரானில் பிறந்தவர், வாசிப்பது பாரசீக செத்தார். அதற்கும் நகர்த்தக்கூடிய மெட்டுகள்தான், அதற்கும் பியானோவில் இல்லாத நடுச் சுரங்கள் உண்டு. செனகலின் சேன்-லூயியில் வாழும் கோராக் கலைஞர் அப்லாய் சிசோக்கோவுடன் சேர்ந்து 2015இலும் 2019இலும் ஆல்பங்கள் வெளியிட்டார்கள். செத்தார், கோரா, கொஞ்சம் தோல் வாத்தியம் என்ற அளவான ஒலி. சுதியின் நுணுக்கம் காதில் விழ வேண்டுமென்றால் இங்கிருந்து தொடங்கலாம்.

## தாளம்: கால் எங்கே விழுகிறது?

துருக்கியத் தாளச் சுற்றுக்கு உசூல் என்று பெயர். அதில் அக்சாக் வகை இரண்டும் மூன்றுமாகக் கோத்தது. 9 என்றால் 2+2+2+3. ஏஜியன் பகுதியின் ஸெய்பெக் ஆட்டம் இதில் மெதுவாக நடக்கும். 7 என்றால் 3+2+2, நம் மிஸ்ர சாப்பு அதே பிரிப்பு.

மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே செங்கற்கள் கிடைக்கின்றன. கினி வளைகுடாக் கரையில் பரவலாகக் கேட்கும் ஐந்து தட்டு மணித் தாளம் 2+2+3+2+3, மொத்தம் 12. காகிதத்தில் பார்த்தால் இதையும் அக்சாக் என்று சொல்லத் தோன்றும். அப்படி இல்லை. ஆடுபவரின் காலைப் பாருங்கள். ஸெய்பெக்கில் 3 என்ற அந்த நீண்ட அடிக்கே கால் காத்திருந்து விழும். சமமில்லாத அடிதான் அங்கே அடி. மணித் தாளத்தில் கீழே நான்கு சம அடிகள் ஓடிக்கொண்டிருக்கும். கால் அந்த நான்கில்தான் விழும். இரண்டும் மூன்றும் அதற்கு மேலே மிதக்கும். அந்த நான்கு ஒலிக்காமலே இருந்தாலும் எல்லாருக்கும் உடம்பில் தெரியும்.

மாண்டே மேளத்தில் இன்னொரு நுட்பம். மாலியின் ஜெம்பே வாசிப்பைப் பதிவுசெய்து அளந்த ஆய்வுகள் காட்டுவது: அடிகள் சமம்தான், ஆனால் ஒவ்வோர் அடிக்குள்ளும் வரும் சிறு துண்டுகள் சமமில்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று சீராக மாறாமல் வரும். அதாவது துருக்கியில் கோணல் அடியின் நீளத்தில் இருக்கிறது, மாலியில் அடியின் உள்ளே இருக்கிறது. கணினியில் தாளக் கட்டத்தைப் போட்டு இரண்டையும் அதில் பூட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் செத்துவிடும்.

அப்புறம் கணக்கு. கோராவில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைச் சுழலுக்குக் கும்பெங்கோ என்று பெயர். அதன் மேல் அள்ளித் தெளிக்கும் வேக ஓட்டத்துக்குப் பிரிமிந்திங்கோ. கும்பெங்கோ 12 துடிப்பு, அக்சாக் 9 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 36 துடிப்புக்கு ஒரு முறைதான் இரண்டும் ஒன்றாகத் தொடங்கும்: மூன்று கும்பெங்கோ, நான்கு அக்சாக். நடுவில் இருவரும் தங்கள் இடத்தை விடாமல் பிடித்தால் கேட்பதற்கு அபாரமாக இருக்கும். ஒருவர் தடுமாறினால் இருவரும் விழுவார்கள். ஆகவே பல சமயம் சுலபமான வழியை எடுக்கிறார்கள். ஒன்று, 6 அல்லது 12இல் நடக்கும் துருக்கிப் பாட்டாகத் தேர்வு செய்வது. இல்லையென்றால் கும்பெங்கோவையே 9க்கு வெட்டித் தைப்பது. இரண்டாவது வழியில் கும்பெங்கோவின் உள் நான்கு அடி காணாமல் போகிறது. அது கோரா வாத்தியம் வாசிக்கும் துருக்கிப் பாட்டு, அவ்வளவுதான்.

## குழு ஏன் சிறியது?

கோராவின் ஒலி மெல்லியது. நேயும் அப்படித்தான். ஜெம்பேயும் துருக்கியின் பெரிய மேளமும் உள்ளே வந்தால் இரண்டையும் அடித்து நொறுக்கிவிடும். அதனால் பெந்திரும், கவிழ்த்த சுரைக்குடுக்கையைக் கையால் தட்டும் மாலி வாத்தியமும் போதும். சுதி மாற்ற முடியாத வாத்தியம் ஒவ்வொன்று கூடும்போதும் சுதி ஒப்பந்தம் இன்னும் இறுகும் என்பதும் காரணம். பாலஃபோனைச் சேர்த்தால் 171 சென்ட் மரக்கட்டைகளை யாரும் மேடையில் செதுக்கிக்கொண்டிருக்க முடியாது.

யார் முன்னே, யார் பின்னே என்பதும் கவனிக்க வேண்டியது. துருக்கி இசை ஒற்றை இசை வரியை எல்லாரும் தத்தம் பாணியில் அலங்கரித்து வாசிப்பது. கோரா தனியாளாகவே அடிநாதம், சுழல், இசை வரி மூன்றையும் ஏந்தும். இதனால் கோராவைத் தளமாகப் போட்டு, அதன் மேல் நேயும் பாலாமாவும் பாடுவது தானாக நடந்துவிடுகிறது. ஒரு நிகழ்ச்சி முழுக்க அப்படியே போனால் கோராக் கலைஞர் பக்கவாத்தியக்காரராகிவிடுகிறார். தன் குலத்தின் வரலாற்றைச் சுமப்பவருக்கு அது சின்ன இழப்பில்லை. பாலாமாவைச் சுழல் வாசிக்கச் சொல்லி, கோரா முன்னே வரும் பாட்டு நிகழ்ச்சியில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

## பாடலும் பெயரும்

கிரியோவைப் போலவே துருக்கியிலும் பாலாமாவோடு ஊர் ஊராகப் பாடும் மரபு உண்டு. அவர்களை ஆஷிக் என்பார்கள். இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிடும் குறிப்புகளை நம்ப வேண்டாம். கிரியோ பிறப்பால் வருபவர். பாடுவது பெரும்பாலும் பிறர் புகழ், பிறர் வம்சம். ஆஷிக் குருவிடம் கற்று வருபவர், பாடுவது தன் காதல், தன் வறுமை, தன் இறைத்தேடல். சிவாஸ் பகுதியில் 1894இல் பிறந்து, சிறுவயதிலேயே கண்பார்வை இழந்து, 1973இல் இறந்த ஆஷிக் வெய்சல் இந்த மரபின் பெரிய பெயர். ஒரே பாட்டில் இருவரும் மாறி மாறிப் பாடும்போது கிரியோ சபையைப் பார்த்துப் பாடுவதும் ஆஷிக் தனக்குள் பாடுவதும் முட்டிக்கொள்ளும். மொழி புரியாவிட்டாலும் இந்த வேறுபாட்டைக் குரலில் கேட்கலாம்.

இதிலிருந்து பணம் சார்ந்த ஒரு விளைவும் வருகிறது. ஆல்பத்தில் ஒரு பாட்டு "மரபுப் பாடல்" என்று குறிக்கப்பட்டால் இயற்றியவர் பங்கு பொதுவாக யாருக்கும் போகாது. அதை ஒழுங்குபடுத்திப் பதிவு செய்தவருக்கு மட்டும் உரிமைத்தொகை கிடைக்கும். குழுவில் நோட்டு எழுதத் தெரிந்தவர் பெயரில்தான் அந்த ஒழுங்கமைப்பு பெரும்பாலும் பதிவாகும். ஆஷிக் பாடல்களுக்கு இதில் ஒரு காப்பு உண்டு. கடைசிக் கண்ணியில் கவிஞர் தன் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிடுவார். வெய்சலின் பாட்டை யாரும் "ஆசிரியர் அறியப்படாதது" என்று போட முடியாது. கும்பெங்கோவுக்கு அந்த வசதி இல்லை. அது தந்தையிடமிருந்து மகனுக்கு விரல் வழியாக வந்தது, வரும் வழியில் ஒவ்வொருவரும் ஏதோ சேர்த்தது. ஆகவே ஆல்பக் குறிப்பில் கோராப் பகுதிக்கு யார் பெயர் போட்டிருக்கிறார்கள், யாரிடம் கற்றது என்று சொல்லியிருக்கிறார்களா, ஒழுங்கமைப்பில் கோராக் கலைஞருக்குப் பங்கு உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். சுதியில் விட்டுக்கொடுத்தது யார் என்ற கேள்விக்கும் பல சமயம் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.